அறுபத்தெட்டு வினாடிகள்

ஜனவரி 8, 2024. திங்கள்

கிளாடிஸ் இன்று என் பதினோரு வருடத்தைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு போனாள்.

எழுதிப் பார்த்தால் பெரிதாகத் தெரிகிறது. உண்மையில் அது ஒரே ஒரு கோப்பு. உள்ளே 386 வரிகள், ஒவ்வொன்றும் ஒரு நேரம். மிருகசீரிடத்துக்குச் சற்று வடக்கே வெறும் கண்ணுக்குத் தெரியாத இரட்டை நட்சத்திரம் ஒன்று இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சுற்றுகின்றன. ஆறு மணி நாற்பத்தொரு நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்று மற்றதை மறைக்கும், வெளிச்சம் குறையும். வெளிச்சம் ஆகக் குறைவாக இருக்கும் கணத்தை வினாடி சுத்தமாகக் குறித்து வைப்பதுதான் என் வேலை. 2011 முதல் 2022 வரை, டிசம்பரில் ஆரம்பித்து ஏப்ரலில் முடித்து, பாளையங்கோட்டையில் எங்கள் கல்லூரி மொட்டை மாடியில் இருக்கும் தொலைநோக்கியில் நான் தனியாகக் குறித்தவை அவை. 2022 ஏப்ரலில் தொலைநோக்கியின் மோட்டார் போய்விட்டது. அதோடு நின்றது.

கிளாடிஸும் நானும் எம்.எஸ்ஸி.யில் ஒரே பெஞ்சு. நான் தங்கப் பதக்கம், அவள் இரண்டாவது. பிறகு அவள் ஜெர்மனிக்குப் போனாள், எனக்குக் கல்யாணம் ஆனது. அவள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் போன ஜூலையில் ஊர் திரும்பி எங்கள் துறையிலேயே சேர்ந்துவிட்டாள். என் அறைக்கு நேர் எதிர் அறை.

"ஏட்டி பிரமு, இத்தனை வருசம் இதைச் சும்மாவா வச்சிருந்தே? இதுக்குள்ள என்னமோ கிடக்குட்டி" என்றாள்.

"என்ன கிடக்கு?"

"பாத்துட்டுச் சொல்லுதேன்."

உள்ளே ஏதோ இருப்பது எனக்கும் தெரியும். மறைப்பு எப்போது வரவேண்டும் என்று கணக்குப் போட்டு, எப்போது வந்தது என்று பார்த்து, வித்தியாசத்தை வரைபடத் தாளில் புள்ளி வைத்துப் பார்த்திருக்கிறேன். புள்ளிகள் நேர்கோட்டில் நிற்காது. சில வருடம் முந்தும், சில வருடம் பிந்தும். உட்கார்ந்து முறையாகப் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தேன்.

ஜனவரி 9

கோப்பைக் கொடுத்ததில் தவறில்லை. தரவு எல்லோருக்கும் பொது. ரேஷனில் பாமாயிலுக்கு நாளைதான் கடைசி நாள்.

ஜனவரி 19. வெள்ளி

பொங்கல் விடுமுறை முடிந்து வந்தால் துறையில் ஒரே கூட்டம். முதுகலை மாணவிகள் முழுப்பேரும் கிளாடிஸ் அறையில். எனக்கும் ஆள் அனுப்பினாள்.

அவள் எழுதிய மென்பொருளைப் பற்றி நேர்மையாகச் சொன்னால், நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு வருடம், ஒன்றரை வருடம், இரண்டு வருடம் என்று ஆயிரக்கணக்கான கால அளவுகளை அதுவே ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அலையை வளைத்து என் புள்ளிகள் மேல் பொருத்திப் பார்க்கிறது. எந்த அலைக்கும் புள்ளிகளுக்கும் இடைவெளி குறைவோ அங்கே திரையில் ஒரு கோபுரம் எழும்புகிறது. 4.6 வருடத்தில் நெட்டுக்குத்தாக ஒரு கோபுரம் நின்றது.

"மூணாவதா ஒண்ணு இருக்கு" என்று கிளாடிஸ் மாணவிகளுக்கு விளக்கினாள். "கண்ணுக்குத் தெரியாத அந்த ஒண்ணு இந்த ரெண்டையும் பிடிச்சு இழுக்குது. ரெண்டும் நம்மை விட்டுத் தள்ளிப் போறப்ப வெளிச்சம் வந்து சேர நேரமாகுது, மறைப்பு லேட்டு. கிட்ட வாறப்ப மறைப்பு சீக்கிரம். நாலரை வருசத்துக்கு ஒரு சுத்து."

மாணவிகள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பதினோரு வருடம் நான் பார்த்ததை அவள் பதினோரு நாளில் முடித்துவிட்டாள். பொங்கல் விடுமுறை கழித்தால் ஏழு நாள்.

ஜனவரி 27

கல்லூரிக் கூட்டத்தில் முதல்வர் எழுந்து, "நம்ம கிளாடிஸ் மேடம் ஒரு புது நட்சத்திரம் கண்டுபிடிச்சிருக்காங்க" என்றார். அது நட்சத்திரமாக இருக்காது, நட்சத்திரமாக ஆக முடியாமல் போன மங்கலான பொருளாக இருக்கலாம் என்று அவள் திருத்தினாள். "டேட்டா முழுக்க பிரமநாயகி மேடம் எடுத்தது சார்" என்றும் சொன்னாள். முதல்வர் என் பக்கம் பார்த்து, "ஆமா ஆமா, டீம் ஒர்க்" என்றார்.

அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 3

இவர் மின்வாரிய ஆபீசிலிருந்து வந்ததும் கேட்டார்: "உன் ஃபிரெண்டு என்னமோ கண்டுபிடிச்சுட்டாவளாமே? எங்க ஏ.இ. பொண்ணு உங்க காலேஜ்லதான் படிக்கு, அவ சொன்னாளாம்."

"ம்."

"நீயும் அதைத்தான பாத்துட்டு இருந்தே?"

"ம்."

"அப்ப நீ ஏன் கண்டுபிடிக்கல?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மின்மாற்றி ஏன் சூடாகிறது என்று கேட்பதுபோல் கேட்டார். தோசைக்கல்லில் எண்ணெய் அதிகமாகிப் புகைந்துவிட்டது. மகளுக்குப் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு வருகிறது, ரெக்கார்ட் நோட்டுக்கு அட்டை போட வேண்டும்.

பிப்ரவரி 11. ஞாயிறு

டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது அகப்பட்டதையெல்லாம் பரணில் தூக்கிப் போட்டோம். இன்றுதான் இறக்கினேன். ஒரு பெட்டியில் என் பழைய பதிவு நோட்டுகள் இருந்தன.

2020–21, 2021–22 நோட்டைப் பிரித்தேன். கொரோனாக் காலம். மாடியில் கல்லூரிக் கணினியும் இல்லை, இணையமும் இல்லை. என் பழைய மடிக்கணினியை வைத்துத்தான் படம் எடுத்தேன். அதன் கடிகாரம் பின்தங்கும். தினமும் செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறேன்: "34 வினாடி ஸ்லோ", "36 ஸ்லோ", "33 ஸ்லோ".

பின்தங்கும் கடிகாரத்துக்கு அந்த வினாடிகளைக் கூட்ட வேண்டும்.

கோப்பின் நகலைத் திறந்து ஒத்துப் பார்த்தேன். கூட்டவில்லை. கழித்திருக்கிறேன். இரண்டு பருவமும், அறுபத்தொரு வரியும். முப்பத்துநாலைக் கூட்டுவதற்குப் பதில் கழித்தால் அறுபத்தெட்டு வினாடி பிழை. கிளாடிஸின் அலை முழுவதும் மேலே ஐம்பது வினாடி, கீழே ஐம்பது வினாடிதான். கடைசி இரண்டு வருடம் புள்ளிகள் சடாரென்று கீழே இறங்குவதால்தான் அவளுக்கு 4.6 வருடம் கிடைத்தது. அது நட்சத்திரம் செய்ததல்ல. நான் செய்தது.

நாளை சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரி 12

கிளாடிஸுக்குக் காலையில் தொடர்ந்து வகுப்பு. மதியம் எனக்கு.

பிப்ரவரி 13

இன்றும் நேரம் வாய்க்கவில்லை. மதியம் அவளோடுதான் சாப்பிட்டேன். அவள் கொண்டுவந்த நெத்திலிக் குழம்பைப் பற்றியே பேச்சு போய்விட்டது. நான் சைவம். மணத்தைக் குறை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பிப்ரவரி 20. செவ்வாய்

கிளாடிஸ் என் அறைக்கு வந்தாள். கையில் அச்செடுத்த படம்.

"பிரமு, இந்தக் கடைசி ரெண்டு சீசனும் ஒரு மாதிரியா இருக்குட்டி. பொசுக்குன்னு கீழ விழுது. அப்ப உன் கடிகாரமெல்லாம் சரியா இருந்துச்சா?"

"எல்லாம் பாத்துத் திருத்தித்தான் போட்டிருக்கேன்."

"திருத்தினது சரியா இருக்கும்லா?"

"இருக்கும்."

"நீ சொன்னாச் சரி" என்று போய்விட்டாள்.

திருத்தினேன் என்றேன். திருத்தியது உண்மை. எந்தப் பக்கம் திருத்தினேன் என்று அவள் கேட்கவில்லை. ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் இருந்தவளுக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கத் தெரியாதா? நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

பிப்ரவரி 26

கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டாள். முதல் பெயர் அவளுடையது. இரண்டாவது என்னுடையது.

இரண்டாவதாக இருப்பது எப்படி இருக்கும் என்று எம்.எஸ்ஸி. நாட்களில் அவளிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மார்ச் 4. திங்கள்

நாளை ஆங்கிலத் தேர்வு என்பதால் மகளைப் படிக்க உட்கார வைத்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தேன். மதிய இடைவேளையில் கணினி அறை காலியாக இருந்தது. கிளாடிஸின் மென்பொருள் அங்கே பொதுக் கணினியில்தான் இருக்கிறது. மாணவிகளுக்கு அவள் சொல்லிக்கொடுத்தபோது பின்னால் நின்று கேட்டிருந்ததால் எனக்கும் ஓட்டத் தெரியும்.

அறுபத்தொரு வரியிலும் குறியை மாற்றினேன். வேறொரு பெயரில் சேமித்தேன். ஓட்டினேன்.

அலையே இல்லாமல் போய்விடும் என்று நினைத்தேன். நேர்கோடு வரும், மூன்றாவது ஒன்றும் இல்லை, எல்லாம் என் கடிகாரத்தின் வேலை, கிளாடிஸ் கை தட்டல் வாங்கியது ஒன்றுமில்லாததற்கு. இதைத்தான் எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்று எழுதுகிறேன்.

நேர்கோடு வரவில்லை. 4.6இல் நின்ற கோபுரம் இடிந்து, 7.8இல் அதைவிட இரண்டு மடங்கு உயரமாக இன்னொன்று நின்றது. அலை புள்ளிகளின் நடுவே உட்கார்ந்துகொண்டது. இடைவெளிகள் பாதியாகக் குறைந்தன. மூன்றாவது ஒன்று இருக்கிறது. கிளாடிஸ் நினைத்ததைவிட நிச்சயமாக இருக்கிறது. எட்டு வருடத்துக்கு ஒரு சுற்று.

இத்தனை வருடம் பனியில் குல்லாய் போட்டுக்கொண்டு நின்றது இதற்குத்தான். கூப்பிட்டுக் காட்ட ஆள் தேடிக் கதவுவரை போனேன். எதிரே கிளாடிஸ் வகுப்பு முடிந்து சாக்பீஸ் கையோடு வந்துகொண்டிருந்தாள். திரும்பி வந்து திரையை மூடிவிட்டேன்.

இது என்னுடையது. இதை நான்தான் கண்டேன்.

மார்ச் 6

ஒரு யோசனை. அவள் கட்டுரை வெளிவரட்டும். ஆறு மாதம் கழித்து நான் தனியாக ஒரு கட்டுரை அனுப்புகிறேன். பழைய நோட்டுகளைச் சரிபார்த்ததில் பிழை தெரியவந்தது, திருத்திய முடிவு இது, என்று. முறையான வழிதான். உலகத்தில் எல்லோரும் செய்வது. தலைப்பைத் தட்டச்சு செய்துவிட்டேன். அதன் கீழே ஒரே பெயர்.

மார்ச் 11

தொலைநோக்கிக்குப் புது மோட்டார் வந்துவிட்டது. கிளாடிஸ் ஜெர்மனியில் ஒரு நண்பருக்கு ஒரு மெயில் போட்டாளாம், அவர் தன் ஆய்வகத்தில் சும்மா கிடந்ததை அனுப்பிவிட்டாராம். நான் இதே மோட்டாருக்காக இரண்டு வருடம் ஒன்பது கடிதம் எழுதினேன். ஒன்பதுக்கும் நகல் இருக்கிறது.

"உனக்காகத்தாட்டி கேட்டேன். மாடில நீ இல்லாம நல்லாவே இல்ல" என்றாள்.

அந்த நண்பர் யார் என்று கேட்டேன். "கூட வேலை பாத்தவரு. டெய்லி ஒண்ணா காப்பி குடிப்போம், உன்னைப் பத்திக்கூட சொல்லிருக்கேன்." அவர் கிளாடிஸோடு தினமும் காப்பி குடித்த வருடங்களில் அவள் எனக்கு மூன்று மெயில் அனுப்பியிருந்தாள். இரண்டு கிறிஸ்துமஸ் வாழ்த்து.

மார்ச் 15

ஆய்விதழிலிருந்து பதில். சிறு திருத்தங்களோடு ஏற்றுக்கொள்ளலாம் என்று மதிப்பீட்டாளர் எழுதியிருக்கிறார். ஒரு யோசனையும் சொல்லியிருக்கிறார்: புதிதாக ஒரு மறைப்பைப் பார்த்துச் சேர்த்தால் முடிவு வலுவாகும். ஏப்ரல் 4 புனே மாநாட்டில் பேசவும் கிளாடிஸுக்கு அழைப்பு வந்துவிட்டது.

"22ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு ஒரு மறைப்பு இருக்கு. நாம ரெண்டு பேரும் மாடிக்குப் போவோம். என் அலைப்படி இருபது வினாடி முன்னாடியே வரணும்" என்றாள்.

என் அலைப்படி முப்பத்தெட்டு வினாடி பிந்தி வரும். சொல்லவில்லை.

மார்ச் 22. வெள்ளி

மகளுக்கு இன்றோடு பரீட்சை முடிந்தது. அவளை வீட்டில் விட்டுவிட்டு ஆறரைக்குக் கல்லூரி போனேன். நிலா பெரிதாக இருந்தாலும் வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. புது மோட்டார் சத்தமே இல்லாமல் சுற்றுகிறது. இரண்டு வருடம் கழித்து அந்த நட்சத்திரத்தைத் திரையில் பார்த்ததும் கொஞ்சநேரம் நான் எதையும் நினைக்கவில்லை. கிளாடிஸ் பிளாஸ்க்கில் சுக்குக் காப்பி கொண்டுவந்திருந்தாள்.

இந்த முறை கடிகாரம் இணையத்தோடு கட்டியிருக்கிறது. பிசக வழியே இல்லை.

ஏழரை மணியிலிருந்து வெளிச்சம் குறைய ஆரம்பித்தது. கிளாடிஸ் ஒவ்வொரு படமாக அளந்து புள்ளி வைத்துக்கொண்டே போனாள். எட்டு மணி தாண்டியதும் புள்ளிகள் அடியைத் தொட்டுத் திரும்ப வேண்டும். அவள் சொன்ன நேரம் வந்தது, திரும்பவில்லை. இன்னும் இறங்கியது. அவள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். ஒன்பது மணிக்கு மொத்தத்தையும் கணக்குப் போட்டோம்.

முப்பத்தைந்து வினாடி தாமதம்.

"இருக்காதே" என்றாள் கிளாடிஸ். மறுபடி போட்டாள். முப்பத்தைந்து.

என் கணக்குக்கு மூன்று வினாடிதான் வித்தியாசம். இருட்டில் என் முகம் அவளுக்குத் தெரிந்திருக்காது.

"நான்தாட்டி எங்கயோ தப்புப் பண்ணிட்டேன். மென்பொருள்ல எங்கயோ" என்றாள். பிளாஸ்க்கை மூட மறந்து அப்படியே எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

மார்ச் 23. சனி

விடுமுறை நாள். எனக்கு விடைத்தாள் வேலை இருந்ததால் கல்லூரிக்குப் போனேன். கிளாடிஸ் காலை எட்டு மணியிலிருந்து அங்கேதான் இருக்கிறாள். மென்பொருள் முழுவதையும் அச்செடுத்து மேசை, தரை, ஜன்னல் திண்டு எல்லாம் பரப்பி வரிவரியாகப் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிடவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் இரண்டு முறை போன் செய்தும் எடுக்கவில்லை.

என் அறையிலிருந்து பார்த்தால் அவள் அறை முழுவதும் தெரியும். நான் கதவைச் சாத்தவில்லை.

நாலு மணிக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். "கட்டுரையை வாபஸ் வாங்கப் போறேன். மாநாட்டுக்கும் வரலைன்னு எழுதணும். ஊரெல்லாம் சொல்லியாச்சு, என்ன அசிங்கம் பாரு. உன் பேரையும் கெடுத்துட்டேன் பிரமு. பதினோரு வருசம் நீ பாத்ததை ரெண்டு மாசத்துல நாசமாக்கிட்டேன்."

"அப்படியெல்லாம் இல்ல" என்றேன்.

இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன் போலிருக்கிறது. வந்துவிட்டது. விடைத்தாளில் ஒரு பெண்ணுக்கு மதிப்பெண்ணைக் கூட்டிப்போட மறந்து அடுத்ததை எடுத்திருக்கிறேன், திரும்ப எடுத்துச் சரிசெய்தேன்.

மார்ச் 24. குருத்தோலை ஞாயிறு

காலையில் தெருவில் குருத்தோலை பிடித்துக்கொண்டு பவனி போனது. கிளாடிஸ் சின்ன வயதிலிருந்து பாடகர் குழுவின் முன்வரிசையில் நிற்பவள். வாசலில் நின்று பார்த்தேன். அவள் இல்லை.

புடவையை மாற்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். நோட்டை எடுத்துக்கொண்டேன். அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. அவர் வாயைத் துடைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"கிளாடிஸ், தப்பு உன் மென்பொருள்ல இல்ல. என் கடிகாரத்துல. கூட்ட வேண்டியதைக் கழிச்சுட்டேன்" என்று நோட்டை நீட்டினேன்.

நின்றபடியே படித்தாள். இரண்டு பக்கம் புரட்டியவுடன் புரிந்துவிட்டது. அவளுக்கு எப்போதும் சீக்கிரம் புரியும்.

"இதை எப்பப் பாத்தே?"

"நேத்துச் சாயங்காலம். நீ அப்படிச் சொன்னதும் மனசு கேக்கல. பரண்ல தேடி எடுத்தேன்."

என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ என் சாமிட்டி" என்றாள். அவள் கையில் ஒட்டியிருந்த கஞ்சி என் தோளில் ஆனது. நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே நின்றேன்.

மார்ச் 25

7.8 வருடம். வெள்ளிக்கிழமை எடுத்த புள்ளியும் அலை மேலேயே உட்கார்ந்துவிட்டது. கிளாடிஸ் துறை முழுவதும் ஓடி ஓடிச் சொன்னாள். "பிரமுதான் கண்டுபிடிச்சா, பிரமுதான்" என்று. எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள். முதல்வரும் கொடுத்தார்.

நான் ஆசைப்பட்டது இதுதான். ராத்திரி இவர், "என்ன, சந்தோசமா?" என்றார். தலைவலிக்கிறது என்று படுத்துவிட்டேன்.

ஏப்ரல் 1. திங்கள்

நேற்று ஈஸ்டர். கிளாடிஸ் கேக் கொண்டுவருவாள் என்று பார்த்திருந்தேன். மூன்று மணிக்கு வந்தாள், கையில் ஒரே ஒரு தாள். கதவைச் சாத்திவிட்டு நின்றாள். உட்காரவில்லை.

"மாநாட்டுக்குப் படம் எடுக்க கணினி ரூமுக்குப் போனேன். யாரு எப்ப ஓட்டினாலும் என் மென்பொருள் ஒரு கோப்புல எழுதி வச்சுக்கும். தேதி, நேரம், எந்த டேட்டா, என்ன முடிவு. இது உனக்குத் தெரியாதுல்லா?"

தாளை மேசையில் வைத்தாள். ஒரு வரிக்குக் கீழே பென்சில் கோடு. மார்ச் 4, மதியம் 12.52. 386 புள்ளி. முடிவு 7.8.



"நேத்துச் சாயங்காலம்னு சொன்னே."

நான் தாளை என் பக்கம் இழுத்தேன்.

"மார்ச் நாலுல இருந்து இருபத்திநாலு வரைக்கும் இருபது நாளு பிரமு."

இருபது இல்லை, நாற்பத்திரண்டு நாள் என்பது எனக்குத்தான் தெரியும். அதை நான் சொல்லவில்லை.

"தப்பாப் போடுறது யாருக்கும் வரும். நான் ஜெர்மனில இதைவிடக் கேவலமாப் போட்டிருக்கேன். அந்தச் சனிக்கிழமைதான் எனக்கு ஆறல. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் நான் தரைல கிடந்து டிக் போட்டுட்டு இருக்கேன். நீ எதிர் ரூம்ல உக்காந்து பாத்துட்டு இருக்கே. கதவைத் திறந்து வச்சுக்கிட்டு."

"கிளாடிஸ், எனக்கு எப்படிச் சொல்லன்னு..."

"பொறாமையா இருந்துச்சுன்னா சொல்லிருக்கலாம்லா? எனக்கும்தான் உன் மேல இருந்துச்சு. எம்.எஸ்ஸி. ரெண்டு வருசமும் இருந்துச்சு. ரிசல்ட் வந்த அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல வச்சு உன்கிட்டயே சொன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லை. சிரித்திருப்பேன். முதலாவது வந்த அன்று எது சொன்னாலும் சிரித்திருப்பேன்.

"மன்னிச்சுரு" என்றேன். அவளிடம் நான் அதுவரை சொல்லாத வார்த்தை. மறுபடி சொன்னேன்.

கிளாடிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "கட்டுரையைத் திருத்தி அனுப்புதேன். முதல் பேரு உன்னோடது. பதினோரு வருசம் பாத்தது நீ, தப்பைக் கண்டுபிடிச்சதும் நீ. அது உனக்குச் சேர வேண்டியது, அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. மாநாட்டுலயும் நீயே போய்ப் பேசு. டிக்கெட்டைப் பேர் மாத்தச் சொல்லிட்டேன்."

"நீ வரலையா?"

"இல்ல. இனிமே வேலை விசயமா ஏதாவது வேணும்னா மெயில் போடு. ரூமுக்கு வர வேண்டாம்."

தாளை எடுத்துக்கொள்ளாமலே போனாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

ஏப்ரல் 4. புனே

பேசினேன். இருபது நிமிடம். கேள்விகள் நிறைய வந்தன, எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்திருந்தது. கடைசியில் ஒரு பெரியவர் எழுந்து, கடிகாரப் பிழையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். "என் தோழி சந்தேகப்பட்டுக் கேட்டாள். நான் முதலில் மறைத்தேன், பிறகு சொன்னேன்" என்றேன். ஆங்கிலத்தில் சொன்னதால் சுலபமாக வந்தது. அரங்கத்தில் லேசாகச் சிரித்தார்கள், அடக்கத்துக்காகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை.

மார்ச் ஆறாம் தேதி தொடங்கிய கட்டுரையை விடுதி அறையில் அழித்தேன். தலைப்பும் ஒரு பெயரும் மட்டும்தான் இருந்தது.

ஜூன் 18

கல்லூரி திறந்து ஒரு வாரமாகிறது. கிளாடிஸ் வேதியியல் ரூத்துக்கு அந்த மென்பொருளைக் கற்றுக்கொடுக்கிறாளாம், ஏதோ வேதிவினையின் ஏற்ற இறக்கத்தை அளப்பதற்கு. மதியம் இருவரும் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். இன்று அவள் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ரூத் அப்படி என்ன சொல்லிவிட முடியும்? போன வருடம்தான் வேலைக்குச் சேர்ந்த பெண்.

நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜூலை 9

கட்டுரை வெளிவந்தது. கே. பிரமநாயகி, கிளாடிஸ் நேசமணி. மெயிலில் இணைப்பு அனுப்பியிருந்தாள். "வாழ்த்துகள்" என்று ஒரு வார்த்தை. பதிலுக்கு நீளமாக எழுதினேன். பிப்ரவரி 11ஆம் தேதியிலிருந்து எல்லாவற்றையும் எழுதினேன், நாற்பத்திரண்டு நாளையும். அனுப்பிவிட்டேன்.

ஜூலை 10

பதில் இல்லை. மகளுக்குக் கலந்தாய்வுக்குச் சான்றிதழ் நகல் எடுக்க வேண்டும்.

ஜூலை 12

பதில் வந்தது. "படிச்சேன்."

ஆகஸ்ட் 14. புதன்

கல்லூரியில் பாராட்டு விழா. முதல்வர் இருவருக்கும் பொன்னாடை போர்த்தினார். பத்திரிகையிலிருந்து ஒரு நிருபரும் புகைப்படக்காரரும் வந்திருந்தார்கள். நிருபர் கேட்டதற்கெல்லாம் கிளாடிஸ் என்னைக் கை காட்டினாள். "மேடமும் நீங்களும் இருபது வருச ஃபிரெண்ட்ஸாமே?" என்று அவர் கேட்டபோது, "ஆமா, ஒரே பெஞ்சு" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை.

மாடிக்கு அழைத்துப்போய்த் தொலைநோக்கிக்கு முன்னால் நிற்க வைத்தார்கள். எங்கள் இருவருக்கும் நடுவில் இன்னொரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது.

"கொஞ்சம் நெருங்கி நில்லுங்க மேடம். ஃபிரெண்ட்ஸ் மாதிரி" என்றார் புகைப்படக்காரர்.

நான் அசையவில்லை. அவள்தான் ஓரடி நகர்ந்து வந்தாள். என் தோளில் கை போட்டாள். அவர் ஏதோ பொத்தானைத் திருகினார், வெளிச்சம் பத்தவில்லை என்றார், இன்னொரு முறை எடுத்தார். "ஓகே மேடம், தேங்க்ஸ்" என்றதும் கையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். படியில் ரூத் அவளுக்காகக் காத்திருந்தாள்.

அந்தக் கை என் தோளில் எத்தனை வினாடி இருந்தது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும்.